பழி சூழ்ந்த வேளையிலும் நிலைகுலையாத பண்டித ரமாபாய்

ஆண்டுதோறும் எமது தமிழ்ப் பாடசாலை வெளியிடுகின்ற விழா மலரிலே பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டு வருகின்றது. முன்னைய மலர்களில் ஆறுமுக நாவலர், விபுலானந்த அடிகள், தனிநாயகம் அடிகள் ஆகியோரைப் பற்றி எழுதினோம். இம்முறை தமிழரல்லாத ஒரு பெண்மணியைத் தெரிந்தெடுத்துள்ளோம். அவர் மராட்டிய நாட்டவர். அந்தணர் குலத்திற் பிறந்து வடமொழிக் கடலை நீந்தியவர். பின்னர் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியவர். பண்டித ரமாபாய் என்பது அவர் பெயர்.

சைவக் குடும்பத்திலே பிறந்து வளர்ந்த நாம் ஒரு கிறிஸ்தவப் பெண்மணியின் வரலாற்றை எழுதுவதேன் என்று சிலர் வினவக்கூடும். எமது பாடசாலையிலே சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்துதான் அகரம் எழுதுகின்றனர். இரு சாராருக்கும் உரியதொரு பாடம் இவ்வரலாற்றில் உண்டு என்பது முதற் காரணம். மற்றைய காரணத்தை இக்கட்டுரையின் இறுதியிலே கூறுவோம்.

அலைந்து திரிந்த இளமை

ரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23ஆம் திகதி மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலே, கங்கமூலம் என்னும் இடத்திற் பிறந்தார். அவ்விடம் இன்று கர்நாடக மாநிலத்தில் உள்ளது. தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே வடமொழிப் பேரறிஞர். பெண்கள் வடமொழி கற்றல் ஆகாது என்று சமூகம் விதித்திருந்த அக்காலத்திலே, அவர் தம் மனைவியாராகிய இலட்சுமிபாய்க்கு அம்மொழியைக் கற்பித்தார். ஊரார் அவரைத் தூற்றினர். உடுப்பியிலே கற்றறிந்தோர் அவையின் முன் நின்று தம் செயலுக்கு விளக்கம் கூறவேண்டிய நிலையும் அவருக்கு ஏற்பட்டது. சாஸ்திர நூல்களைக் காட்டியே தம் செயல் தவறன்று என அவர் வாதிட்டார். பொதுமக்கள் முன்னிலையிற் குற்றஞ் சாட்டப்படுதலும், அதற்கு அஞ்சாது விடை பகர்தலும் ரமாபாய்க்குத் தந்தை வழியிலே வந்த செல்வம் என்று கூறினும் பொருந்தும்.

தாயாரே மகளுக்கு ஆசிரியையாக அமைந்தார். பன்னிரண்டு வயதை எய்துவதற்குள் பல்லாயிரம் வடமொழிச் சுலோகங்கள் அச்சிறுமியின் நாவிலே குடிகொண்டன. பொருள் வளம் குன்றியபின் அக்குடும்பம் தலந்தோறும் யாத்திரை சென்று, கோயில்களிலே புராணம் படித்து, அடியார் வழங்குவதைப் பெற்று வாழ்ந்தது. வடக்கும் தெற்குமாக இந்தியா முழுவதையும் அவர்கள் நடந்தே அளந்தனர் எனலாம்.

அவ்வேளையிலே கொடிய பஞ்சம் வந்தது. அக்குடும்பம் அப்பொழுது சென்னை மாகாணப் பகுதிகளிலே அலைந்துகொண்டிருந்தது. இருந்த பொருளெல்லாம் தீர்ந்தபின்னும் பிச்சை ஏற்க மனமின்றி, காட்டு இலைகளை உண்டு உயிர் தாங்கினர். 1874ஆம் ஆண்டிலே தந்தையார் காலமானார். அவரைத் தொடர்ந்து தாயாரும், பின்னர் மூத்த சகோதரியும் மறைந்தனர். எஞ்சியவர்கள் ரமாபாயும் அவர் தமையனார் ஸ்ரீநிவாசரும் மட்டுமே. அவ்விருவரும் கால்நடையாகவே பல்லாயிரம் மைல் தூரம் திரிந்து, 1878ஆம் ஆண்டிலே கல்கத்தா நகரை அடைந்தனர்.

கல்கத்தாவின் அறிஞர்கள் இளம் பெண்ணொருத்தி வடமொழியிற் சரளமாகப் பேசுவதைக் கேட்டு வியப்புற்றனர். அவரைச் சோதித்துப் பார்த்தபின், பண்டிதை என்னும் பட்டத்தையும் சரஸ்வதி என்னும் பட்டத்தையும் வழங்கினர். அதுவரை பெண்ணொருவர் அறியாத பெருமை அது. அதே காலத்தில் பிரம சமாசத் தலைவர் கேசவ சந்திர சேனர், பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்த வேதங்களை அவரிடம் கொடுத்துப் படிக்குமாறு வேண்டினார். படிக்கப் படிக்க, பெண்ணினத்திற்கு விதிக்கப்பட்ட தாழ்நிலை பற்றிய கேள்விகள் அவர் உள்ளத்தில் எழலாயின.

இழப்பின்மேல் இழப்பு

1880ஆம் ஆண்டிலே தமையனாரும் இறந்தார். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், விபின் பிகாரி தாஸ் என்னும் வங்காள வழக்கறிஞரை ரமாபாய் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மணமகன் வேறு சாதியினர், வேறு மொழியினர். அந்தணப் பெண் ஒருத்தி இவ்வாறு மணம்புரிதல் அந்நாளிலே கேள்விப்படாத செயல். இரு பக்கத்து உறவினரும் விலகி நின்றனர். அவ்விருவரும் அசாம் பகுதியிலுள்ள சில்சார் நகரிலே இல்லறம் நடத்தினர். அங்கே கணவருடைய நூல்களுக்கிடையே லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் வங்க மொழிப் பிரதியொன்று அவர் கண்ணிற் பட்டது. கிறிஸ்துவின் வரலாறு முதன்முதலாக அவர் நெஞ்சைத் தொட்டது அங்கேதான்.

1881ஆம் ஆண்டு மனோரமா என்னும் மகள் பிறந்தாள். அடுத்த ஆண்டு பெப்ரவரி மாதத்திலே கணவர் வாந்திபேதி நோயினால் மறைந்தார். இருபத்துமூன்று வயதிலே, கைக்குழந்தையுடன், உறவென்று சொல்ல ஒருவருமின்றி ரமாபாய் கைம்பெண்ணானார். அக்காலக் கைம்பெண்ணின் நிலையை எமது பிள்ளைகள் அறிந்திருக்க மாட்டார்கள். தலைமயிர் மழிக்கப்பட்டு, ஒருவேளை உணவுடன், மங்கல நிகழ்வு எதிலும் முகங்காட்டாது வாழ்தலே அவளுக்கு விதிக்கப்பட்டது. கணவனைக் கண்ணாற் காணுமுன்னரே கைம்பெண்ணான சிறுமிகளும் ஆயிரக்கணக்கில் இருந்தனர்.

ரமாபாய் மூலையில் ஒடுங்கவில்லை. 1882ஆம் ஆண்டிலே பூனா நகருக்குச் சென்று ஆரிய மகளிர் சமாசம் என்னும் அமைப்பை நிறுவினார். பெண்களுக்கான நீதி நூல் ஒன்றை மராட்டி மொழியில் எழுதி வெளியிட்டார். அவ்வாண்டு கல்வி நிலையை ஆராயவந்த ஹண்டர் ஆணைக்குழுவின் முன் தோன்றி, பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் இந்நாட்டுக்கு இன்றியமையாதவர்கள் என்று சாட்சியம் அளித்தார். மருத்துவம் கற்கவேண்டும் என்ற ஆவல் அவரையே பற்றிக்கொண்டது. நூல் விற்ற பணத்தைக்கொண்டு, 1883ஆம் ஆண்டு மகளுடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

இருபுறமும் எழுந்த கண்டனம்

இங்கிலாந்திலே வாண்டேஜ் என்னும் ஊரிலுள்ள கன்னியர் மடமொன்று அவருக்குப் புகலிடம் அளித்தது. அம்மடத்துச் சகோதரிகள், சமூகம் ஒதுக்கித் தள்ளிய பெண்களை லண்டன் நகரிலே வைத்துப் பேணி வந்ததை அவர் நேரிற் கண்டார். வழி தவறியவள் என்று உலகம் கூறும் பெண்ணையும் மனிதப் பிறவியாக மதித்து, அவளுக்கு மறுவாழ்வு கொடுக்கும் அச்செயல் அவரை உலுக்கியது. அந்த அன்பின் ஊற்று எங்குள்ளது என்று தேடியபொழுது, சமாரியப் பெண்ணுடன் கிறிஸ்து உரையாடிய வரலாற்றை அவர் கற்றறிந்தார். 1883ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி மகளுடன் ஞானஸ்நானம் பெற்றார்.

செய்தி பூனாவை எட்டியதும் கண்டனம் மழையெனப் பொழிந்தது. நேற்றுவரை சரஸ்வதி என்று போற்றியவர்கள் இன்று துரோகி என்றனர். பணத்துக்கும் வசதிக்கும் சமயத்தை விற்றாள் என்று கூறியோரும் உண்டு. அவருக்கு ஆதரவாகப் பேசியவர்களும் இல்லாமலில்லை. பெண் கல்விக்கு வழிகாட்டிய சோதிராவ் புலே அவர்களுள் முதன்மையானவர்.

கிறிஸ்தவர்களிடமிருந்தும் ரமாபாய்க்குக் கண்டனம் வந்தது. இதனைப் பலர் அறியார். அவர் செல்ட்னம் நகரிலுள்ள மகளிர் கல்லூரியிலே வடமொழி கற்பித்தும் பிற பாடங்களைக் கற்றும் வந்தார். செவிப்புலன் குன்றியமையால் மருத்துவக் கனவு கைகூடவில்லை. அங்கே ஆண் மாணவருக்கும் கற்பிக்கும் வாய்ப்பொன்று வந்தபோது, அது இந்தியப் பெண்ணுக்குத் தகாது என்று இந்தியாவிலிருந்த ஆயர்கள் தடுத்தனர். பிரம சமாசக் கூட்டங்களிலே ஆண்கள் நடுவில் உரையாற்றிப் பழகிய அவருக்கு இத்தடை வியப்பைத் தந்தது. திருச்சபையின் கோட்பாடுகள் சிலவற்றிலும் அவருக்கு ஐயங்கள் இருந்தன. தெளியாத ஒன்றைத் தெளிந்ததாகக் காட்டிக்கொள்ள அவர் உடன்படவில்லை. தமக்கு உணவும் உறையுளும் தந்தவர்களே கீழ்ப்படிவில்லாதவள், செருக்குடையவள் என்று எழுதியபோதும், அவர்களுக்குப் பணிவுடன் நீண்ட மடல்கள் வரைந்தார். நன்றியை ஒருபோதும் மறக்கவில்லை. மனச்சாட்சியை ஒருவரிடமும் அடகு வைக்கவுமில்லை.

மாணவச் செல்வங்களே, இவ்விடத்திலே சற்று நின்று சிந்திப்பீர்களாக. இந்துக்கள் அவரை மிகுந்த கிறிஸ்தவர் என்றனர். கிறிஸ்தவர் சிலரோ போதாத கிறிஸ்தவர் என்றனர். இரு சாராரையும் மகிழ்விக்க எளிய வழியொன்று இருந்தது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று பேசியிருந்தாற் போதும். ரமாபாய் அவ்வழியிற் செல்லவில்லை.

சாரதா சதனம்

1886ஆம் ஆண்டு, ஆனந்திபாய் ஜோஷி என்னும் மராட்டியப் பெண் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே மருத்துவப் பட்டம் பெற்றார். அவ்விழாவுக்குச் சென்ற ரமாபாய் அமெரிக்காவிலேயே தங்கி, நாடெங்கும் சுற்றி, இந்தியக் கைம்பெண்களின் துயரத்தை எடுத்துரைத்தார். உயர்சாதி இந்துப் பெண்ணின் வாழ்க்கை பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் 1887ஆம் ஆண்டிலே வெளிவந்து பரவலாக விற்பனையாயிற்று. அவ்வாண்டு டிசெம்பர் மாதத்திற் பொஸ்டன் நகரிலே ரமாபாய் சங்கம் அமைக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பொருளுதவி செய்வதாக அச்சங்கம் வாக்களித்தது.

1889ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் திகதி பம்பாய் நகரிலே சாரதா சதனம் திறக்கப்பட்டது. சாரதா என்பது கலைமகளின் பெயர். கிறிஸ்தவரான ஒருவர் தம் பாடசாலைக்கு அப்பெயரை இட்டமை கருத்திற்கொள்ளத் தக்கது. முதல் நாளில் இருந்த மாணவியர் இருவரே. அங்கே மதபோதனை இல்லை என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. மாணவியர் தத்தம் சாதி ஆசாரப்படி உண்ணவும் வழிபடவும் உரிமை பெற்றிருந்தனர். எந்தச் சமயத்தையும் கைக்கொள்ள எவருக்கும் தடையும் இல்லை, வற்புறுத்தலும் இல்லை. 1890ஆம் ஆண்டிலே பாடசாலை பூனாவுக்கு மாற்றப்பட்டது. நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே, வடமொழி அறிஞர் பண்டார்கர் முதலிய பெருமக்கள் ஆலோசனைக் குழுவில் அமர்ந்தனர்.

இந்த விதியின் காரணமாகக் கிறிஸ்தவ ஊழியர் சிலர் அவரைக் குறைகூறினர். கிறிஸ்துவைப் பற்றிப் போதிக்காத பாடசாலையைக் கிறிஸ்தவர் ஒருவர் நடத்துவதா என்று கேட்டனர். ரமாபாய் கொடுத்த வாக்கைக் காத்தார்.

திறந்திருந்த கதவு

ரமாபாய் நாள்தோறும் காலையிலே தம் அறையில் மகளுடன் இறைவனை வழிபடுவது வழக்கம். அவ்வேளையில் அறைக் கதவு திறந்தே கிடக்கும். தாயன்பு அறியாத அச்சிறுமிகள் ஏனைய வேளைகளில் அவருடைய அறைக்குள் ஓடிவருவதுபோல அவ்வேளையிலும் வந்தனர். வந்தவர்களை அவர் அழைக்கவுமில்லை, விரட்டவுமில்லை. சிலர் அவரருகே அமர்ந்து செபிக்கலாயினர்.

இது வெளியே பரவியதும் பூனா நகரம் கொதித்தெழுந்தது. பால கங்காதர திலகரின் கேசரி பத்திரிகை கடுமையாகத் தாக்கி எழுதியது. மதச்சார்பில்லை என்று சொல்லிக்கொண்டு மறைவாக மதம் மாற்றுகிறார் என்பதே குற்றச்சாட்டு. ஆலோசனைக் குழுவினர் ரமாபாயிடம் வேண்டியது சிறு செயல்தான். வழிபாட்டு வேளையிலே கதவை மூடிவிட்டால், அல்லது பிள்ளைகளைத் தடுத்துவிட்டால், பிரச்சினை தீர்ந்துவிடும். அவரோ உடன்படவில்லை. பிறருக்குப் போதிப்பதில்லை என்றே வாக்களித்திருந்தார். தம் நம்பிக்கையை ஒளிப்பதாக வாக்களிக்கவில்லை. இந்து மாணவி தன் பூசையைச் செய்ய உரிமை பெற்றிருக்கும் வீட்டிலே, வீட்டுத் தாய் மட்டும் திருடியைப்போலக் கதவடைத்து இறைவனை வணங்குவதா என்பதே அவர் நிலைப்பாடு.

1893ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே ரானடேயும் பண்டார்கரும் ஏனையோரும் குழுவிலிருந்து விலகினர். பகிரங்கமாகவே விலகினர். அதனைத் தொடர்ந்து ஏறத்தாழ இருபத்தைந்து மாணவியரை உறவினர் அழைத்துச் சென்றனர். நான்காண்டு பாடுபட்டு ஒவ்வொருத்தியாகச் சேர்த்த பிள்ளைகள் ஒருசில நாட்களிலே வெறுமையான இடங்களை விட்டுச் சென்றனர். அவர்களுட் பலர் திரும்பிச் சென்றது பழைய இருட்டுக்கே என்பதை அவர் அறிவார். தம்மைப் பற்றிய பழியைவிட அதுவே அவரை வாட்டியிருக்கும் என்பதை ஆசிரியத் தொழில் செய்தோர் உணர்வர்.

இங்கே நாம் நடுநிலையில் நின்று ஒன்றைக் கூறவேண்டும். திலகர் நாட்டுக்காகச் சிறை சென்ற பெருந்தலைவர். ரானடே கைம்பெண்களின் மறுமணத்துக்காகக் குரல் கொடுத்த நல்லறிஞர். அந்நியர் ஆட்சியின்கீழ்த் தம் சமயமும் பண்பாடும் அழிந்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சியதிலே நியாயம் இருந்தது. மாணவியர் சிலர் கிறிஸ்தவத்தின்பால் ஈர்க்கப்பட்டதும் உண்மையே. 1895ஆம் ஆண்டு பன்னிரண்டு மாணவியர் ஞானஸ்நானம் பெற்றபோது மீண்டும் பெருங் கிளர்ச்சி எழுந்தது. ஆகவே, ரமாபாயின் வாழ்வைக் கண்டு பிள்ளைகள் மாறுகின்றனர் என்று குறைகூறியிருந்தால் அது விவாதத்துக்குரிய விடயம். வஞ்சகமாக, மறைவாக, வாக்குத் தவறி மாற்றுகிறார் என்று கூறியதே அநியாயம். திறந்த கதவுக்கு முன்னே நின்று மறைவு என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

அக்குற்றச்சாட்டுக்கு மறுப்பாக ஒரு வாழ்வே நிற்கின்றது. சாரதா சதனத்தின் தொடக்க மாணவியருள் ஒருவர் கோதுபாய் என்னும் இளங் கைம்பெண். அவர் அங்கே ஆண்டுக்கணக்கிற் கற்றபின்னும் இந்துவாகவே இருந்தார். 1893ஆம் ஆண்டிலே பேராசிரியர் தோண்டோ கேசவ கார்வேயை மறுமணம் புரிந்தார். அந்தக் கார்வேதான் பின்னர் 1896ஆம் ஆண்டிலே கைம்பெண்களுக்கு இல்லம் நிறுவி, 1916ஆம் ஆண்டிலே மகளிர் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி, 1958ஆம் ஆண்டிலே பாரத ரத்தினம் என்னும் விருதைப் பெற்றவர்.

பழிக்கு விடை பணியே

மாணவியர் குறைந்தபோதும் ரமாபாய் பாடசாலையை மூடவில்லை. எஞ்சியோருக்கு வழமைபோலப் பாடங்கள் நடந்தன. பொஸ்டன் சங்கமும் அவரைக் கைவிடவில்லை. எனினும் பிறர் தரும் பணத்தை மட்டும் நம்பியிருத்தல் கூடாதென எண்ணி, பூனாவுக்கு அண்மையிலுள்ள கேட்காவ் என்னும் சிற்றூரிலே நிலம் வாங்கிக் கிணறு தோண்டிப் பழமரங்கள் நாட்டினார்.

1896ஆம் ஆண்டிலே மத்திய மாகாணத்தில் பஞ்சம் பரவியது. தாயும் தந்தையும் பசியால் வாடி மாண்டதைக் கண்ட கண்கள் அவருடையவை. அவர் அங்கு விரைந்தார். ஆதரவற்று அலைந்த பெண்களையும் சிறுமிகளையும் திரட்டி, ஏறத்தாழ முந்நூறு பேரைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார். அவ்வேளை பூனாவிலே கொள்ளைநோய் பரவியிருந்தமையால், அவர்களைக் கேட்காவ் நிலத்திலே குடியேற்றினார். முதலில் கூடாரங்களும் கொட்டில்களுமே இருந்தன. அதுவே பின்னர் முக்தி என்னும் பெயர்பெற்ற பேரில்லமாக வளர்ந்தது. 1900ஆம் ஆண்டிலே குஜராத் பஞ்சத்தில் மீட்கப்பட்டோரும் சேர, அங்கிருந்தோர் தொகை ஏறக்குறைய இரண்டாயிரத்தை எட்டியது.

முக்தி இல்லம் வெளிப்படையாகவே ஒரு கிறிஸ்தவ இல்லமாக நடத்தப்பட்டது. அமெரிக்கச் சங்கத்துடன் செய்துகொண்ட பத்தாண்டு உடன்பாடு 1898ஆம் ஆண்டிலே நிறைவெய்தியபின், புதிய பணியின் தன்மையை அவர் யாவருக்கும் அறிவித்தே தொடர்ந்தார். அங்கே நெசவு, தையல், பாற்பண்ணை, எண்ணெய் ஆட்டுதல், அச்சுக்கோத்தல் எனப் பல தொழில்கள் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டன. கண்பார்வையற்ற பெண்கள் விரலாற் தடவிப் படிக்கும் எழுத்தைக் கற்றனர். எவரும் ஏற்க மறுத்த பெண்களுக்கெனக் கிருபா சதனம் என்னும் தனி இல்லமும் இருந்தது.

1897ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்றையும் கூறாதிருக்க இயலாது. கொள்ளைநோயை ஒழிப்பதற்கென ஆங்கில அரசு பூனாவிலே மேற்கொண்ட கடுமையான நடவடிக்கைகளால் மக்கள் வருந்தினர். நோயாளர் விடுதியிலே பெண்கள் நடத்தப்பட்ட முறையைக் கண்டித்து ரமாபாய் பத்திரிகையில் எழுதினார். அரசாங்கம் அதனை மறுத்தது. அவரோ தாம் கண்டறிந்ததை மீளப்பெறவில்லை. அதே ஆண்டில், அதே நடவடிக்கைகளைக் கண்டித்த கேசரியில் வெளியான எழுத்துகளுக்காகத் திலகர் சிறைத்தண்டனை பெற்றார். ஆங்கிலேயரின் கைப்பாவை என்று பழிக்கப்பட்ட பெண்மணியும், அவரைப் பழித்த பத்திரிகையாசிரியரும் ஒரே அநீதியை எதிர்த்து எழுதினர். வரலாறு சிலவேளைகளில் இவ்வாறு மௌனமாகத் தீர்ப்பு வழங்குகின்றது.

இறுதிப் பணி

வாழ்வின் பிற்பகுதியிலே ரமாபாய் விவிலிய நூலை முழுவதும் மராட்டி மொழியிற் பெயர்க்கும் பணியை மேற்கொண்டார். இருந்த மொழிபெயர்ப்பு கல்வியறிவு குறைந்த பெண்களுக்கு விளங்காது என்பது அவர் கருத்து. வடமொழியிலே கவி புனைந்த அப்பண்டிதை, வயலிலும் அடுக்களையிலும் வேலை செய்யும் பெண்ணுக்கு விளங்கும் மொழியைத் தேடினார். அதற்கென எபிரேய மொழியையும் கிரேக்க மொழியையும் கற்றார். முக்தி இல்லத்துப் பெண்களே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். முழு உலகமும் வியக்கத்தக்க பணி அது.

1919ஆம் ஆண்டு அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தை வழங்கியது. 1921ஆம் ஆண்டிலே, தம் பணியைத் தொடர்வாள் என்று நம்பியிருந்த ஒரே மகள் மனோரமா நாற்பது வயதிற் காலமானாள். மகளை இழந்த தாய் மொழிபெயர்ப்பின் அச்சுப்படிகளைத் திருத்தும் வேலையை விடவில்லை. அவ்வேலை நிறைவெய்திய தறுவாயிலே, 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. முக்தி இல்லம் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அதே கேட்காவ் மண்ணிலே தன் பணியைத் தொடர்கின்றது. இந்திய அரசு 1989ஆம் ஆண்டிலே அவர் உருவம் பொறித்த அஞ்சல் முத்திரையை வெளியிட்டது. முன்னாளிற் தூற்றிய நாடு பின்னாளிற் போற்றியது. அதனை அறிய அவர் இல்லை.

நாம் கற்றுக்கொண்டது

தொடக்கத்திலே மற்றைய காரணத்தைப் பின்னர் கூறுவோம் என்றோம். அதனை இப்பொழுது கூறுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஊரிலே இடம்பெயர்ந்து வாழ்ந்த பிள்ளைகளுக்குக் கொப்பிகளும் சீருடையும் வாங்கி அனுப்புவதற்காக நாம் நிதி சேர்த்தோம். பலர் மனமுவந்து கொடுத்தனர். பொருள்களும் போய்ச் சேர்ந்தன. அதன்பின் நடந்த பொதுக்கூட்டமொன்றிலே, நாம் அவையில் இருக்கையிலேயே, அப்பணத்தில் ஒரு பகுதி எங்கே என்று ஒருவர் எழுந்து கேட்டார். பற்றுச்சீட்டுகள் அனைத்தும் எமது வீட்டு அலுமாரியில் இருந்தன. ஆயினும் நா எழவில்லை. அங்கிருந்த பலர் தலைகுனிந்து மௌனமாயிருந்தமையே கேள்வியிலும் அதிகமாகச் சுட்டது. ஊரிலே ஆசிரியராயிருந்தபோது தெருவிற் செல்கையில் மிதிவண்டியை விட்டிறங்கி வணக்கம் சொன்னவர்களின் பிள்ளைகள் மத்தியிலே, அகதியாக வந்த நாட்டில், கள்வனைப்போல் நின்றோம்.

மூன்று வாரம் நாம் பாடசாலைக்குச் செல்லவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அப்பொழுது எம்மோடு கற்பிக்கும் கிறிஸ்தவ ஆசிரியை ஒருவர் ஒரு பையிலே சில பழைய நூல்களைக் கொண்டுவந்து வாசலில் வைத்துச் சென்றார். அறிவுரை எதுவும் கூறவில்லை. அந்நூல்களுள் ஒன்றுதான் ரமாபாயின் வரலாறு. பூனா நகரம் முழுவதும் பழித்த காலத்திலே அப்பெண்மணி கதவைத் திறந்து வைத்திருந்தார் என்பதைப் படித்தபோது, எமது வீட்டின் சாத்திய கதவு எம்மைப் பார்த்து நகைப்பதுபோல் இருந்தது. குற்றமற்றவன் கதவைச் சாத்தினால், சந்தேகிப்பவனுக்கு அவனே சான்று கொடுத்தவனாகின்றான்.

அடுத்த சனிக்கிழமை பற்றுச்சீட்டுகளையும் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துச் சென்று, பாடசாலையின் முன்மேசையிலே எவரும் பார்க்கக்கூடியதாக வைத்துவிட்டு வகுப்புக்குப் போனோம். சிலர் பார்த்தனர். சிலர் பார்க்கவில்லை. கேள்வி கேட்டவர் பின்னர் ஒருபோதும் அதுபற்றிப் பேசவில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. அவருடைய பிள்ளை எமது வகுப்பிலேதான் படித்தது. அப்பிள்ளைக்கும் ஏனையோருக்குப்போலவே ணகர னகர வேறுபாட்டைக் கற்பித்தோம்.

ரமாபாயின் துன்பத்தோடு எமது சிறு துன்பத்தை ஒப்பிடும் தகுதி எமக்கில்லை. அவர் இழந்தவை பெரியவை. அவர் ஆற்றியவை அதனிலும் பெரியவை. எனினும் பொதுவாழ்வில் இறங்கும் எவரும் ஒருநாள் அநியாயமான சொல்லைக் கேட்டே தீரவேண்டும். அந்நாளிலே நமக்கு இரு சோதனைகள் வரும். ஒன்று, பழித்தவரைப் பழிக்கத் தூண்டும் சினம். மற்றொன்று, எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கச் சொல்லும் சோர்வு. இவ்விரண்டையும் வென்றவர் ரமாபாய். வென்றதற்குக் காரணம், மனிதரின் புகழ்ச்சியை அவர் தம் அடித்தளமாகக் கொள்ளவில்லை என்பதே. எல்லாவற்றையும் அறிந்த ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையிலே அவர் ஊன்றி நின்றார். அவர் அந்த ஒருவரைக் கிறிஸ்து என்று அழைத்தார். எம் வீட்டுப் பூசையறையிலே நாம் வேறு பெயரால் அழைக்கின்றோம். ஆயினும் அவர் நின்ற அந்நிலையிலே தலைவணங்க எமக்குத் தயக்கமில்லை.

அன்பார்ந்த பிள்ளைகளே! இவ்விழாவிலே பேச்சுப் போட்டியிற் பரிசு பெறும் நீங்கள் நாளை பெரிய அவைகளிலே பேசுவீர்கள். உங்களைப் பாராட்டுவோரும் இருப்பர். காரணமின்றித் தூற்றுவோரும் இருப்பர். அந்நாளிலே உங்கள் கணக்கு சரியாக இருக்கட்டும். உங்கள் வாக்கு தவறாதிருக்கட்டும். உங்கள் கதவு திறந்திருக்கட்டும். அடுத்த நாட் காலையிலே உங்கள் வேலைக்கு வழமைபோலச் செல்லுங்கள். இதுவே பண்டித ரமாபாய் எமக்கு விட்டுச்சென்ற பாடம்.